படத்தில் இல்லாதவர்கள்

ஒருவர் வஃபாத்தான பின் அவர் விட்டுச் சென்ற பொருள்களைக் கணக்கிட்டுப் பங்கு வைப்பது நம் குடும்பங்களில் வழிவழியாக நடந்துவரும் காரியம். தோப்பு, கடை, நகை, பித்தளைப் பாத்திரம், தேக்குக் கட்டில் என ஒவ்வொன்றுக்கும் விலை மதிக்கிறோம். ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு, மனைவிக்கு எட்டில் ஒன்று என்று ஃபராயிழ் கணக்குப் போட்டுக் காசு வரை சரி பார்க்கிறோம். எல்லாம் முடிந்தபின் பரணில் ஒரு பொருள் மிஞ்சிக் கிடக்கும். அதற்கு விலையும் இல்லை. அதைக் கேட்பாரும் இல்லை. கறுப்புத் தாள்களில் மூலை ஒட்டிச் செருகிய பழைய நிழற்பட ஆல்பமே அது.

எங்கள் பெரிய வாப்பா மறைந்தபோதும் அப்படித்தான் ஆயிற்று. வீட்டைக் காலி செய்தவர்கள் அதைப் பழைய காகிதத்தோடு போட இருந்தார்கள். கரையான் தொடாத பாதியேனும் தப்பட்டும் என்று நாம் எடுத்து வந்தோம். ஓராண்டு அதைப் புரட்டிய பின் ஒரு கேள்வி நம்மை விடாமல் தொடர்கிறது. மறைந்தவர்களின் முகங்களைக் கையில் வைத்திருப்பவனுக்கு அவர்களிடத்தில் உள்ள கடமை என்ன? அந்த முகங்களைப் பாதுகாப்பது மட்டுந்தானா?

கடற்கரை ஊர்களில் வாழும் நம்மவர் வீடுகளில் இத்தகைய ஆல்பம் ஒன்றேனும் இருக்கும். பக்கங்களைப் புரட்டினால் பெரும்பாலும் சபர் போன ஆண்களின் படங்களே வரும். ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ ஒரு ஸ்டூடியோவில் எடுத்தவை அவை. பின்னால் படிக்கட்டும் பூந்தோட்டமும் தீட்டிய திரை. பக்கத்தில் பூச்சாடி வைத்த மேசை. தலையில் துருக்கித் தொப்பி. கைலிக்கு மேல் கோட்டு. கோட்டுப் பையில் கடிகாரச் சங்கிலி. ‘எங்கள் பாட்டனார் அங்கே எப்படி வாழ்ந்தார் பாருங்கள்’ என்று பேரப்பிள்ளைகளிடம் பெருமையோடு காட்டுகிறோம். ஆனால் அந்நாளைய ஸ்டூடியோக்கள் வருவோர் அணிந்து கொள்ளக் கோட்டும் கடிகாரமும் வைத்திருந்தன என்பதை மறந்துவிடுகிறோம். எங்கள் ஆல்பத்தில் மூன்று உறவினர்கள் தனித்தனியே எடுத்துக்கொண்ட மூன்று படங்களில் ஒரே கோட்டு இருக்கிறது. தோள்பட்டைத் தையல் பிரிந்திருப்பதுகூட மாறவில்லை. ஊருக்கு அனுப்பும் படத்தில் தாம் எப்படித் தோன்ற விரும்பினார்களோ அப்படித் தோன்றினார்கள். அது பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று.

இந்தப் படங்களில் பெண்கள் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. 1839ல் நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட பின், அது உருவம் படைப்பதில் சேருமா என்பது பற்றி ஆலிம்களிடையே நீண்ட விவாதம் நடந்தது. எகிப்திய இராணுவ அதிகாரியான முஹம்மது சாதிக் பே 1861ல் மதீனாவையும், 1880ல் மக்காவையும் படம் பிடித்தார். எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மது பகீத் அவர்கள், நிழலைப் பிடித்து நிறுத்துவது உருவம் படைப்பதாகாது என்று நூலே எழுதினார்கள். நம் நாட்டு ஆலிம்களில் பலர் அதை ஏற்கவில்லை. இந்த விவாதத்தோடு கோஷா வழக்கமும் சேர்ந்தது. எனவே எங்கள் வாப்பும்மாவுக்கு ஒரு படமும் இல்லை. அவர்கள் தலைமுறைப் பெண்களில் பலர் முதன்முதலாகக் காமிராவின் முன் அமர்ந்தது ஹஜ்ஜுக்கான பாஸ்போர்ட்டுக்காகவே இருக்கும்.

பேணுதலுக்காக அவர்கள் செய்ததைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. ஆனால் அதன் விளைவை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இருபது ஆண்டுகள் கணவன் கடல் கடந்திருக்க, பிள்ளைகளை வளர்த்து, கடன் தீர்த்து, குமர்களைக் கரையேற்றி, குடும்பத்தைத் தாங்கி நின்றவர் ஆல்பத்தில் இல்லை. இரவல் கோட்டணிந்தவர் இருக்கிறார். படத்தை மட்டும் நம்பிக் குடும்ப வரலாறு எழுதினால் பாதிக் குடும்பத்தின் வரலாற்றையே எழுதியவர்களாவோம்.

ஆனால் அந்தப் படங்களைக் கழற்றித் திருப்பியபோது, பின்புறத்தில் பென்சிலால் எழுதிய வரிகளைக் கண்டோம். அவை அரபுத்தமிழில் இருந்தன. நம் ஊர்ப் பெண்கள் ஒரு காலத்தில் கடிதம் எழுதியதும், மாலைகளும் கிஸ்ஸாக்களும் படித்ததும் அந்த எழுத்தில்தான். குர்ஆன் ஓதத் தெரிந்த நம்மால் எழுத்துகளைக் கூட்ட முடிந்தது. சொற்களைப் பிடிக்க முடியவில்லை. எண்பத்தெட்டு வயதாகும் எங்கள் மாமியிடம் கொண்டு போனோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தவர், “இது உம்மா எழுத்து” என்றார். யார், எந்த ஊர், எந்த வருடம், படம் எந்தக் கப்பலில் யார் கையில் வந்து சேர்ந்தது என்று ஒவ்வொன்றின் பின்னாலும் வாப்பும்மா குறித்து வைத்திருந்தார்கள். படத்தின் முன்புறத்தில் இல்லாதவர்கள் அதன் பின்புறத்தில் இருந்தார்கள்.

அவற்றுள் ஒரு படம் கத்தரியால் வெட்டப்பட்டிருந்தது. பாட்டனார் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் இருந்த பகுதி நேராக நறுக்கப்பட்டிருக்கிறது. நறுக்கியவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. பாட்டனாரின் முழங்காலின்மேல் ஒரு குழந்தையின் விரல்கள் நான்கு எஞ்சி நிற்கின்றன. பின்புறம் திருப்பினோம். அரபுத்தமிழ் வலமிருந்து இடமாகச் செல்வது. வரியின் தொடக்கத்தில் இருந்த பெயர் கத்தரியோடு போய்விட்டது. மீதியை மாமி படித்தார்: “...மவன். வயசு மூணு. ரங்கோன்.”

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரும் ரங்கூனில் மூன்று வயதைக் கழித்ததில்லை.

அந்நாளைய நிலையைச் சற்று நினைவூட்ட வேண்டும். 1931ல் ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். ஆண்டுக்கணக்கில் அங்கே வாணிபம் செய்த நம்மவர் சிலர் பர்மியப் பெண்களை நிக்காஹ் செய்து குடும்பம் நடத்தினர். அவர்கள் வழிவந்தோர் ஜெர்பாதிகள் என்ற பெயரில் மக்கள்தொகைக் கணக்கிலேயே இடம் பெற்றனர். இத்தகைய மணங்கள் அங்கே மனக்கசப்பையும் வளர்த்தன. 1938ல் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் மூண்டது. 1939ல் பௌத்தப் பெண்களின் மணத்துக்கும் வாரிசுரிமைக்கும் தனிச் சட்டம் வந்தது. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு பொழிந்தன. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. பல லட்சம் இந்தியர்கள் கப்பலேறியும் காடுமலை கடந்தும் தாயகம் வந்தனர். வழியில் மாண்டவர் பலர். எங்கள் பாட்டனார் கால்நடையாகவே வந்து சேர்ந்தவர். அவர் கொண்டுவந்தது உடுத்திய துணி மட்டுமே என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அங்கே விட்டு வந்தது எது என்று நாங்கள் கேட்டதில்லை.

மாமியிடம் கேட்டோம். “நீங்க யாரும் கேக்கல வாப்பா, நாங்களும் சொல்லல” என்றார். சற்று நேரம் கழித்து, மஃக்ரிபு தொழுகைக்குப் பின் வாப்பும்மா ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி துஆ கேட்டு, முடிவில் ஒரு வரி சேர்ப்பார்களே, நினைவிருக்கிறதா என்றார். நினைவிருந்தது. சிறுவயதில் பக்கத்தில் அமர்ந்து நாமே ஆமீன் சொல்லியிருக்கிறோம். “ரங்கோன்ல உள்ளதையும் நீதான் காப்பாத்தணும், ரஹ்மானே.” போரில் இழந்த கடையைத்தான் சொல்கிறார்கள் என்று இத்தனை காலமும் எண்ணியிருந்தோம்.

வெட்டியது யார் என்றும் கேட்டோம். 1956ல் பாட்டனார் மறைந்து பங்கு வைத்த நாளில் அப்படம் வெட்டப்பட்டது என்பதற்கு மேல் மாமி எதுவும் சொல்லவில்லை. “அதக் கேக்காதீங்க” என்று கையமர்த்திவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் இதுபற்றி இரு கருத்துகள் எழுந்தன. மறைந்தவர்களின் காரியத்தைக் கிளறக் கூடாது. அடியானின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான். எழுபது ஆண்டு கழித்து ஏன் இந்த விசாரணை என்றார் ஒரு சகோதரர். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. தற்காப்புக்கு வாய் திறக்க இயலாதவர்களைப் பற்றிப் பேசுவது புறம் பேசுவதினும் கொடிது. வெட்டிய கை எது என்று ஊகித்து, ஒரு கபுரின்மேல் பழியைச் சுமத்த நமக்கு அதிகாரம் இல்லை.

ஆனால் குற்றத்தை மூடுவது வேறு; மனிதரை மூடுவது வேறு. கத்தரி பிடித்தவர் யார் என்பது மூட வேண்டிய செய்தி. கத்தரிக்கப்பட்டவர் யார் என்பது மூடக் கூடாத செய்தி. அந்தக் குழந்தை எந்தக் குற்றமும் செய்யவில்லை. அதன் தாயும் மணந்து வாழ்ந்தவளே. நம்மவர்களுக்கு வெட்கமாய்த் தோன்றியது பாவமன்று. தூரமும் இனமும் மொழியுமே. பெற்றவர் இன்னார் என்று சொல்லியே பிள்ளையை அழைக்க வேண்டும் என்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. காணாமற்போன வாரிசு இருந்தால், அவர் நிலை தெரியும்வரை அவருடைய பங்கை ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது ஃபராயிழ் சட்டம். 1956ல் காசு வரை சரி பார்த்த எங்கள் கணக்கில் ஒரு பங்கு ஒதுக்கப்படவேயில்லை. அந்தத் தோப்பின் தேங்காயை உண்டு வளர்ந்தவர்கள் நாம். படம் நமக்கு விட்டுச்சென்றது பழைய நினைவை மட்டுமன்று. தீர்க்கப்படாத ஒரு ஹக்கையும்.

அதே வேளையில், தெரிந்ததற்கு மேல் சொல்வதும் அநீதி. ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஒரு செய்தி வந்ததும் முதலில் அறிவிப்பாளர் யார் என்று கேட்டார்கள். தொடர் எங்கே அறுந்தது என்று பார்த்தார்கள். படத்துக்கும் அந்த உரைகல் வேண்டும். படம் தானாகச் சாட்சி சொல்வதில்லை. முழங்காலில் நான்கு விரல்கள் இருந்தன என்பதற்குப் படம் சாட்சி. அது மகன் என்பதற்கு வாப்பும்மாவின் எழுத்துச் சாட்சி. அந்த எழுத்துக்கு மாமி சாட்சி. அதற்கப்பால் தொடர் அறுந்து கிடக்கிறது. அந்தப் பிள்ளை போரில் பிழைத்ததா, 1962க்குப் பின் பர்மாவிலிருந்து வெளியேற நேர்ந்த இந்தியர்களோடு நம் கரைக்கே வந்ததா என்பதற்குச் சாட்சி இல்லை. கற்பனையால் அந்த இடத்தை நிரப்பினால், கத்தரி செய்த பிழையை நாம் பேனாவால் செய்தவர்களாவோம்.

ஓர் ஆலிம் பெருந்தகையிடம் யோசனை கேட்டோம். இயன்றவரை தேடுங்கள், தேடியும் கிடைக்காவிட்டால் அந்தப் பங்கின் மதிப்பை உரியவர் பெயரால் தர்மம் செய்யுங்கள், பின்னர் உரியவர் வந்து கேட்டால் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் என்பதை மறவாதீர்கள் என்றார். முன்பு மறுத்துப் பேசிய அதே சகோதரர்தான் முதலில் தம் பங்குத் தொகையைக் கொண்டுவந்து வைத்தார். பாட்டனார் பெயரையும் ஊரையும் குறித்து ரங்கூனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். மறுமொழி வரவில்லை. தேடுவதை விட்டுவிடவுமில்லை.

வம்சத்தை அறிவது எதற்காக என்பதில் நமக்கு ஒரு தெளிவு வேண்டும். முன்னோரைச் சொல்லிப் பெருமையடிப்பது அறியாமைக் காலத்து வழக்கம். உறவைச் சேர்த்து வாழ்வதற்காகவே வம்சத்தை அறிந்துகொள்ளும்படி நபிமொழி ஏவுகிறது. ஒரே ஆல்பத்தை இரு வகையாகவும் புரட்டலாம். நாம் யாருடைய பேரர் என்று காட்டப் புரட்டினால் கோட்டும் கடிகாரமும் கண்ணில் படும். நாம் யாருக்குக் கடன்பட்டவர்கள் என்று அறியப் புரட்டினால் படத்தின் ஓரங்களும் பின்புறங்களும் கண்ணில் படும்.

இன்று கைப்பேசியில் ஒரே திருமணத்துக்கு ஆயிரம் படம் எடுக்கிறோம். ஒன்றின் பின்புறத்திலும் எழுத இடமில்லை. ஐம்பது ஆண்டு கழிந்தால் ஆயிரம் முகங்கள் இருக்கும். இன்னார் என்று சொல்ல ஒரு வாய் இருக்காது. ஆகவே வாசக அன்பர்களை வேண்டிக்கொள்கிறோம். இந்த வாரமே பரணில் உள்ளதை இறக்குங்கள். வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே அவர் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு முகத்தையும் காட்டிக் கேளுங்கள். மைப்பேனா வேண்டாம், மை ஊறி முகத்தைக் கெடுத்துவிடும். மெல்லிய பென்சிலால் பெயரையும், ஊரையும், சொன்னவர் யார் என்பதையும் எழுதுங்கள். படம் இல்லாத பெண்களின் பெயர்களை ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரில் தேடி எடுத்து, அவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நமக்கு வந்தது அமானிதம். அதைப் பெயரோடு ஒப்படைத்தால்தான் ஒப்படைத்ததாகும்.

எங்கள் ஆல்பத்திலும் அப்படியே எழுதி முடித்தோம். வெட்டுண்ட படத்தை அதன் பழைய இடத்திலேயே செருகினோம். வாப்பும்மாவின் வரிக்குக் கீழே, மாமி சொல்லச் சொல்ல, இப்படி எழுதியிருக்கிறோம்: ‘பெயர் தெரியவில்லை. நம் வாப்பாவின் தம்பி.’