விதியின் தலையில் கட்டாதீர்கள்

அறுபதில் கண்டம் இருக்கிறது என்று சாத்திரி சொன்னால் அந்தச் சனிக்கிழமையே எள்ளெண்ணெய் எரிக்கிறோம். நாற்பதில் பிரஷர் இருக்கிறது என்று தாதி சொன்னால், வெயிலுக்குள்ளால் வந்ததில் ஏறியிருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த கிளினிக்குக்குப் போகாமல் விடுகிறோம். வன்னியில், புளியங்குளத்திலும் இதுதான் நடக்கிறது, நெடுங்கேணியிலும் கனகராயன்குளத்திலும் இதுதான் நடக்கிறது. ஒருவர் குறிப்பை விரித்துப் பார்த்துச் சொன்னார். மற்றவர் கையில் பட்டி சுற்றி, காற்றடித்து, அளந்து பார்த்துச் சொன்னார். அளந்து சொன்னவரை விட்டு அளக்காமல் சொன்னவரை நம்புவதை ஒரு நம்பிக்கைதானே என்று விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அந்த நம்பிக்கை ஆட்களைக் கொல்கிறது. யாருடைய செயலால் யார் சாகிறார்கள் என்பதையும் மறைத்துவிடுகிறது.

முதுமை எல்லாருக்கும் ஒரே வேகத்தில் வருவதில்லை என்பதை நாங்கள் கண்ணாலேயே காண்கிறோம். ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களில் ஒருவர் இன்றைக்கும் மண்வெட்டியோடு வயலுக்கு இறங்குகிறார். மற்றவர் படலையடிக்கு நடந்து வரவே மூச்சு வாங்குகிறார். ஏன் என்று கேட்டால் எங்களிடம் ஆயத்தமாக ஒரு பதில் இருக்கிறது: அவரவர் தலையெழுத்து.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்கள். 1972, 1973ஆம் ஆண்டுகளில் அங்கே பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து பரிசோதித்து வந்தார்கள். அவர்களுக்கு 38 வயதானபோது சிறுநீரகம், ஈரல், நுரையீரல், இரத்தக் கொழுப்பு என்று ஒவ்வொன்றாக அளந்து, உடம்பின் வயது எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். 2015இல் முடிவு வெளிவந்தது. ஒருவருடைய உடம்புக்கு 28 வயது, இன்னொருவருடைய உடம்புக்கு 61 வயது. ஒரே ஊரில் ஓராண்டு இடைவெளிக்குள் பிறந்தவர்களிடையே 33 ஆண்டு வித்தியாசம்.

சனி ஓர் இராசியில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு நிற்கிறது. அப்படியென்றால் அந்தப் பிள்ளைகள் அனேகமாக எல்லாருக்கும் ஆயுள்காரகன் என்று சொல்லப்படும் சனி ஒரே வீட்டில்தான் நின்றது. இலக்கினம் வேறு, நவாம்சம் வேறு என்று சாத்திரி சொல்லலாம். அதற்கும் எங்கள் நாட்டிலேயே பதில் கிடைத்துவிட்டது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்த ஆபிரகாம் கோவூர் சாத்திரிமாருக்குப் பகிரங்கமாகச் சவால் விட்டார். பத்துப் பேர் பிறந்த நேரத்தைத் தருகிறேன், அவர்கள் ஆணா பெண்ணா, உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். பரிசு ஒரு இலட்சம் ரூபாய். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை ஒருவரும் வெல்லவில்லை. ஒருவர் செத்துவிட்டாரா என்பதையே குறிப்பில் பார்த்துச் சொல்ல முடியாதவரிடம், எப்போது சாவேன் என்று கேட்டு நாங்கள் தட்சணை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

விதியை இன்னும் நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்றும் இருக்கிறது. 1951இல் ரிச்சர்ட் டொல் என்பவரும் அவருடைய குழுவினரும் பிரித்தானியாவின் 34,439 ஆண் வைத்தியர்களின் புகைப் பழக்கத்தைப் பதிந்து, ஐம்பது ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்தார்கள். விடாமல் புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டு முந்தி இறந்தார்கள். அந்த ஆய்வில் எனக்குப் பெரிதாகப்படுவது அடுத்த செய்திதான். ஐம்பது வயதில் விட்டவர்கள் ஆறு ஆண்டைத் திரும்பப் பெற்றார்கள். நாற்பதில் விட்டவர்கள் ஒன்பது ஆண்டைத் திரும்பப் பெற்றார்கள். முப்பதில் விட்டவர்கள் அனேகமாக முழுவதையும் பெற்றார்கள். பிறக்கும்போதே எழுதி முடிந்த ஆயுள் என்றால், பெட்டிக்கடையில் சிகரெட் வாங்காமல் விட்டவுடன் அது ஏன் நீளுகிறது?

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "சரி, என்ர உடம்பு, என்ர காசு, நான் குடிக்கிறன். உனக்கென்ன?" என்று கேட்பவர் இருக்கிறார். பகுத்தறிவு பேசும் பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். நான் இங்கேதான் தொடங்க விரும்புகிறேன். ஏனென்றால் அந்த உடம்பு அவருடையது மட்டுமல்ல.

ஜப்பானில் தகேஷி ஹிராயாமா என்ற ஆய்வாளர் 91,540 பெண்களை 14 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். அந்தப் பெண்களில் ஒருவரும் புகைத்ததில்லை. 1981இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, கணவன் கூடுதலாகப் புகைக்கும் வீட்டுப் பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஏறத்தாழ இரண்டு மடங்காக வந்திருந்தது. சிகரெட் கொம்பனிகள் அந்த முடிவை உடைக்கப் பெரும்பாடு பட்டன. பின்னால் வந்த ஆய்வுகள் அதையே உறுதிப்படுத்தின. இலங்கையில் 2015இல் சுகாதார அமைச்சு எடுத்த கணக்கில், ஆண்களில் 100க்கு 29 பேர் புகைத்தார்கள், பெண்களில் ஆயிரத்துக்கு ஒருவர். அதாவது இந்த நாட்டில் சிகரெட்டால் நோய்ப்படும் பெண், அனேகமாக வேறொருவர் ஊதிய புகையால் நோய்ப்படுகிறாள். இதைத் தனிப்பட்ட பழக்கம் என்று சொல்ல எந்த ஆணுக்கும் உரிமை இல்லை.

பெண்களை வருத்துவது சிகரெட் புகை மட்டுமல்ல. எங்கள் குசினிகளுக்குள் போய்ப் பாருங்கள். மார்கழி மழைக்குக் காட்டு விறகு ஈரம் குடித்திருக்கும். ஊதுகுழலை வாயில் வைத்து ஊதினால் முதலில் புகைதான் வரும். அது தகரக் கூரையில் முட்டித் திரும்பி முகத்துக்கு வரும். அடுப்படியில் நிற்பவள் ஒரு கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டு மற்றக் கையால் புட்டுப் பானையை இறக்குவாள். பக்கத்தில் பலகைக்கட்டையில் இருக்கும் பிள்ளையும் அதே புகையைத்தான் இழுக்கிறது. வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் ஆண்டுக்கு 32 இலட்சம் பேர் உலகம் முழுவதும் இறக்கிறார்கள் என்று 2020ஆம் ஆண்டுக்கு உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. மாரடைப்பும் பக்கவாதமும் நுரையீரல் நோயும் அந்தக் கணக்கில் அடங்கும். பெண்களின் கண்ணில் புரை விழுவதோடும் அந்தப் புகைக்குத் தொடர்பு உண்டு. ஐம்பது வயதில் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போன அம்மாவைப் பார்த்து, வயது போய்விட்டது என்கிறோம். புகைபோக்கி வைத்த அடுப்புக் கட்ட அந்த வீட்டில் ஒருவருக்கும் மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. அதே வளவில் வாசலுக்கு மாபிள் பதித்திருப்பார்கள்.

மனச்சுமையும் உடம்பை வயதாக்குகிறது. எங்கள் கலங்களுக்குள் இருக்கும் நிறமூர்த்தங்களின் நுனியில் டெலோமியர் என்றொரு காப்பு இருக்கிறது. கலம் பிரியப் பிரிய அது குறுகும். அதைப் பற்றிய கண்டுபிடிப்புக்காக எலிசபெத் பிளாக்பேர்ணுக்கு மற்ற இருவரோடு சேர்த்து 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்னரே, 2004இல், அவரும் எலிசா எபெல் என்ற உளவியலாளரும் தீராத வருத்தமுள்ள பிள்ளைகளைப் பராமரிக்கும் தாய்மாரின் இரத்தத்தைச் சோதித்திருந்தார்கள். 58 பெண்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனால் அதில் கண்டது பெரியது. மனச்சுமை மிகக் கூடியிருந்த பெண்களின் கலங்கள், குறைந்திருந்தவர்களின் கலங்களைவிடப் பத்து ஆண்டாவது மூத்திருந்தன. பராமரித்த காலம் நீள நீள டெலோமியரும் குறுகியிருந்தது.

அந்த முடிவை வாசித்தபோது வன்னிப் பெண்களைத்தான் நினைத்தேன். படுக்கையில் கிடக்கும் மாமியார், ஷெல் துண்டு உடம்பில் இருக்கும் கணவன், காணாமற்போன மகன், லீசிங் கட்டவேண்டிய மோட்டார் சைக்கிள் என்று எல்லாம் ஒரு மனுசியின் தலையில். எல்லாருக்கும் போட்டுக் கொடுத்துவிட்டுச் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறாள். எல்லாரும் படுத்த பிறகு படுக்கிறாள், எல்லாருக்கும் முதல் எழும்புகிறாள். அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்துப் புகழ்கிறோம். அந்தப் புகழ்ச்சியால் ஒரு மணித்தியால நித்திரைகூட அவளுக்குக் கிடைப்பதில்லை.

"பெண்கள்தானே கூட நாள் சீவிக்கிறார்கள்" என்று ஒருவர் மறுக்கலாம். சரிதான். 2011–2013 காலத்துக்கான அரச கணக்கில் இலங்கை ஆணின் சராசரி ஆயுள் 72, பெண்ணின் ஆயுள் ஏறத்தாழ 78½. ஆனால் நெடுநாள் சீவிப்பதும் மெதுவாக முதுமையடைவதும் ஒன்றல்ல. அந்தக் கூடுதல் ஆறரை ஆண்டில் பெரும்பகுதியை அவள் முழங்கால் நோவோடும், சீனி வருத்தத்தோடும், விதவை என்ற பெயரோடும் கழிக்கிறாள். கணவன் முந்திப் போனதற்கு அவன் குடித்த கசிப்பும் சிகரெட்டும் காரணமாக இருக்கலாம். ஆனால் ஊர் அவளுடைய குறிப்பில்தான் தோஷம் தேடுகிறது.

இதற்குமேல் கேதார கௌரி விரதம். கணவனுக்காக 21 நாள் விரதம் இருந்து மனைவி காப்புக் கட்டிக்கொள்கிறாள். அவளுடைய அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த 21 நாளும் அவன் சிகரெட்டை விடுவதில்லை. மனைவியின் ஆயுளுக்காகக் கணவன் இருக்கவேண்டிய விரதம் ஒன்று எங்கள் பஞ்சாங்கத்தில் இல்லவே இல்லை. கிளினிக்குக்கும் அவள்தான் வருகிறாள். எந்தக் கிளினிக்கிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்:

"அம்மா, ஐயா ஏன் வரேல்ல? போன முறையும் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு சொன்னனான்."

"அவர் வரமாட்டார் பிள்ளை. தனக்கு ஒண்டும் இல்லையாம்."

2011 முதல் அரசு நாடு முழுவதும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களைத் திறந்து வருகிறது. 35 வயது தாண்டிய எவரும் போய்ப் பிரஷர், சீனி, நிறை எல்லாம் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலார் பெண்கள். ஆண்கள் வருவது மிகக் குறைவு என்று சுகாதாரத் துறையே திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது.

முதுமை முழுவதும் பழக்கத்தால் வருகிறது என்று நான் சொல்லவில்லை. 1997 மே 13இல் ஜயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கிய பிறகு இந்தப் புளியங்குளம் மாதக்கணக்காக ஷெல்லுக்குள் கிடந்தது. போர் முடிந்த 2009இல் கிட்டத்தட்ட மூன்று இலட்சம் சனம் மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலும் முட்கம்பிக்குள் இருந்தது. அப்படி வந்தவர்களிடம் போய், நீங்கள் சரியாக நடைப்பயிற்சி செய்யவில்லை என்று சொன்னால் அது பகுத்தறிவல்ல, திமிர். போர் கருவில் இருக்கும் பிள்ளையையும் தொடும். 1944–45 குளிர்காலத்தில் ஆக்கிரமிப்புப் படையினர் நெதர்லாந்தைப் பட்டினி போட்டார்கள். அந்தப் பட்டினிக்குள் கருவான பிள்ளைகளின் மரபணுக்களில் ஒட்டியிருந்த குறிகள் அறுபது ஆண்டுக்குப் பிறகும் அவர்களின் உடன்பிறப்புகளினுடையதிலிருந்து வேறுபட்டிருந்ததை 2008இல் கண்டார்கள். கஞ்சிக்கு வரிசையில் நின்ற எங்கள் தாய்மாரின் வயிற்றிலும் பிள்ளைகள் இருந்தார்கள். பதவியா, மதவாச்சிப் பக்கம் 1990களில் தெரியவந்து வவுனியா மாவட்டத்தையும் தொட்ட சிறுநீரக நோயும் அப்படித்தான். தண்ணீர், வெயில், விவசாய மருந்து என்று அதன் காரணத்தை இன்னும் ஆராய்கிறார்கள். நோயாளியைக் குற்றஞ்சாட்ட அங்கே ஒன்றும் இல்லை.

ஆனால் பட்டினி போட்டது கிரகமல்ல. ஷெல் அடித்ததும் கிரகமல்ல. கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் விட்டதும் கிரகமல்ல. எல்லாவற்றுக்கும் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எடுத்த முடிவுகள் இருக்கின்றன. விதி என்ற விளக்கம் பட்டினி போட்டவனையும் காப்பாற்றுகிறது, குசினி வாசலில் நின்று புகைப்பவனையும் காப்பாற்றுகிறது. பாதிக்கப்பட்டவளிடம் மட்டும், போன பிறப்பில் நீ செய்தது என்று சொல்கிறது. பொய் என்பதற்காக மட்டும் அதை நான் எதிர்க்கவில்லை. குற்றம் செய்தவரை விடுவித்துக் குற்றம் செய்யாதவளைத் தண்டிப்பதால் அது ஒழுக்கக்கேடு என்கிறேன்.

ஆகையால் ஆண்களிடம் கேட்கிறேன். சிகரெட்டையும் சுருட்டையும் விடுங்கள், இன்றைக்கு விடமுடியாவிட்டால் வீட்டுக்குள்ளும் பிள்ளைகள் முன்னாலும் பற்றவைக்காதீர்கள். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது, அளவாகத்தான் குடிக்கிறேன் என்று இனிச் சாட்டுச் சொல்லாதீர்கள். மனைவி தண்ணீருக்குப் போகும் நேரம் குடத்தை நீங்கள் எடுங்கள். அறுபதாம் கலியாணத்துக்குச் சேர்க்கும் காசில் முதலில் புகைபோக்கியோடு ஓர் அடுப்புக் கட்டுங்கள். அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு நீங்களும் வரிசையில் நில்லுங்கள். கோயில் நிருவாகத்தினரிடமும் கேட்கிறேன்: திருவிழாவுக்கு ஊரே கூடும் நாளில் மடத்தில் ஒரு மேசை போட்டுப் பிரஷர் பார்க்க இடம் கொடுங்கள். உங்கள் சாமிக்கு அதில் ஒரு குறையும் வராது.

கடவுளை நம்புகிறவர் நம்பட்டும், அது அவர் பாடு. ஆனால் தன் ஆயுளுக்காக விரதம் இருக்கும் மனுசியின் ஆயுளைத் தானே தின்றுகொண்டிருப்பதாகத் தெரிந்த பிறகும் ஒருவர் பழக்கத்தை மாற்றவில்லை என்றால், எத்தனை கோயிலுக்குத் திருப்பணி செய்தாலும் அவரை நல்ல மனிதர் என்று நாங்கள் சொல்லக்கூடாது.