நெட் போயிடுச்சு

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் குழுக்களில் அதிகம் புழங்கும் சாக்கு 'நெட் போயிடுச்சு'. சில நாள் அது உண்மை. ஐப்பசி மழையில் தெருவில் தொங்கும் கேபிள் அறுந்தால் பெரும்பாக்கத்தில் பாதி அடுக்குமாடிக்கு இணைப்பு இருக்காது. மற்ற நாட்களில் குழந்தை வாந்தி எடுத்திருக்கும், அப்பாவை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருப்பார்கள், அல்லது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் அயர்ந்திருப்பார்கள். கேட்பவர்களுக்கும் இது தெரியும். நேற்று அதையே சொன்னவர்கள்தானே. யாரும் ஏமாறாத ஒரு பொய்யில் என்ன குற்றம் என்று கேட்பது நியாயம்தான்.

யாருக்கும் தீங்கு செய்யாமல் நன்மை தரும் பொய்யை வாய்மையின் பக்கத்திலேயே உட்கார வைக்கத் திருக்குறளின் வாய்மை அதிகாரம் இடம் தருகிறது. இந்தப் பொய் அங்கே உட்காரத் தகுதியுள்ளதா? பார்க்க வேண்டியது பொய் சொன்னவரை அல்ல, அந்த நேரத்தில் அவர் வேலை எங்கே போனது என்பதை. வாடிக்கையாளர் நியூயார்க்கில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. சர்வர் படுத்துவிட்டது என்று டிக்கெட் வருகிறது. அன்று பொறுப்பில் இருப்பவர் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி எரிகிறது, பதில் இல்லை. டீம் லீட் சுற்றிப் பார்க்கிறார். சிறுசேரி அலுவலகத்தில் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவர் அகப்படுகிறார். ஏழு மணி கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு, பத்தரைக்கு ஆட்டோ தேடுகிறவர் அவர். மறுநாள் காலை, 'சாரி ப்ரோ, நெட் போயிடுச்சு' என்று ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரிக்கான விலையைக் கொடுத்தவர் அதைச் சொன்னவர் அல்ல.

இப்படிப் பிடிபடுகிறவர் பெரும்பாலும் இளையவர், மணமாகாதவர், துரைப்பாக்கத்தில் பிஜியில் தங்கியிருப்பவர். 'உனக்கென்ன, பேச்சிலர்தானே' என்று வாஞ்சையாகச் சொல்லியே அவருடைய மாலையை எடுத்துக்கொள்கிறார்கள். குடும்பம் உள்ளவரின் நேரம் மட்டுமே நேரம் என்பதுபோல ஒரு வழக்கம் படிந்துவிட்டது. இது அநீதி. அவர் அந்த மாலையில் ஒன்றுமே செய்யாமல் படுத்துக் கிடக்கப் போகிறவராக இருந்தாலும் அநீதிதான்.

ஆனால் பொய் சொன்னவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நகர்ந்துவிட முடியாது. உண்மை சொன்னால் என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். ஆண்களில் அந்த வேலையைத் தொட்டவர்களே நான்கில் ஒருவர்தான். கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் லேப்டாப் திறந்தால், அவருக்கு அறைக்கதவு சாத்தப்படுகிறது, அவளுக்குச் சமையல் மேடை ஓரம் கிடைக்கிறது. பேச மைக்கை ஆன் செய்யும் நொடியில் குக்கர் விசில் அடிக்கிறது. 'குழந்தைக்குச் சாப்பாடு கொடுக்கிறேன், அரை மணியில் வருகிறேன்' என்று அவள் உள்ளதைச் சொன்னால், 'பாவம், அவங்களுக்கு வீட்டுப் பொறுப்பு அதிகம்' என்கிறார்கள். அந்தப் பரிவு அப்ரைசல் நேரத்தில் வேறு உருவம் எடுக்கிறது. அதே காரணத்தை ஓர் ஆண் சொன்னால் நல்ல அப்பா என்று பெயர் வாங்குகிறார்.

கண்ணில் படாதவர் பின்தங்குவது வெறும் மனக்குறை அல்ல. ஷாங்காயில் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் கால் சென்டரில் 2010 கடைசியில் ஒரு சோதனை தொடங்கியது. விருப்பம் தெரிவித்தவர்களில், பிறந்த தேதி இரட்டைப்படையாக உள்ளவர்களை வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க வைத்தார்கள். ஒன்பது மாதம். பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் சகாக்களும் கணக்குப் பார்த்தபோது வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் அதே அளவு திறன் காட்டிய அலுவலகக்காரர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. சோதனை முடிந்து விருப்பம் கேட்டபோது அவர்களில் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். தனிமை என்று காரணம் சொன்னார்கள்.

உழைப்பு கூடியும் பார்வையில் படாததால் இழப்பு என்றால், மனிதர்கள் பார்வையில் படுவதற்காகவே உழைக்கத் தொடங்குவார்கள். டீம்ஸ் செயலியில் ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தால் பெயருக்கு நேரே உள்ள பச்சைப் புள்ளி மஞ்சளாகிறது. அதைத் தடுக்க மவுஸைத் தானே அசைக்கும் கருவி விற்பனைக்கு வந்திருக்கிறது. விசைப்பலகையில் வேலை நடப்பதுபோலப் போலி அசைவு காட்டினார்கள் என்று 2024இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி பத்துக்கும் மேற்பட்டவர்களை வேலையிலிருந்து நீக்கியது. நீக்கியது சரியா என்பது ஒரு கேள்வி. வேலையை அளக்காமல் அசைவை அளக்கும் இடத்தில் அசைவைப் போலி செய்யும் ஆசை எழும் என்பதை யாரும் எதிர்பார்க்கவில்லையா என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

ஆகவே இங்கே கடன் எது, யாருக்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் இல்லை என்பது சக ஊழியருக்குத் தெரிந்தே ஆக வேண்டிய செய்தி. அதை மறைத்தால் இன்னொருவரின் மாலை பறிபோகிறது. ஏன் இல்லை என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. மாதவிடாய் வலியா, மனச்சோர்வா, வங்கியில் கடன் பேசப் போனாரா, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம். 'மூன்றிலிருந்து ஐந்துவரை இருக்க மாட்டேன், அவசரமென்றால் போனில் கூப்பிடுங்கள்' என்றால் நேர்மை நிறைவேறிவிட்டது. நாம் இதைத் தலைகீழாகப் பழகிவிட்டோம். காரணத்தை நோண்டுகிறோம், இல்லாமையை மட்டும் பொறுத்துக்கொள்வதில்லை. துருவுகிற கேள்வி வரும் என்று தெரிந்தவர், 'நெட் போயிடுச்சு' என்று கதவைச் சாத்திக்கொள்கிறார். அந்தப் பொய்யில் பாதி, கேட்பவர்கள் எழுதிக் கொடுத்தது.

சட்டம் இதில் கொஞ்ச தூரம்தான் வரும். வேலை நேரம் முடிந்தபின் ஊழியரைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று போர்ச்சுகல் 2021இல் நிறுவனங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. இரவு பதினொரு மணிக்கு 'ஒரு சின்ன டவுட்' என்று செய்தி அனுப்பும் சக ஊழியரின் கையை எந்தச் சட்டம் பிடிக்கும்? அனுப்புகிறவர் அப்போதுதான் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்திருப்பார். அது அவருடைய வசதி. ஆனால் மறுமுனையில் இருப்பவர் அப்போதுதான் படுத்திருப்பார். காலை ஒன்பதுக்குப் போய்ச் சேரும்படி அந்தச் செய்தியை நேரம் குறித்து அனுப்ப இப்போது வழியிருக்கிறது. வசதியாக வேலை பார்க்கும் உரிமையோடு சேர்ந்து வரும் சின்ன வேலை அது.

முதலில் உண்மை பேச வேண்டியவர் யார் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. புதிதாகச் சேர்ந்த பெண்ணிடமும் கைக்குழந்தைக்காரியிடமும் வெளிப்படையாக இரு என்று உபதேசிப்பது, அடி வாங்க முதலில் நீ போ என்று தள்ளிவிடுவதற்குச் சமம். வேலை போகும் பயம் குறைந்தவர்கள், மேலாளர்கள், பதினைந்து வருட அனுபவக்காரர்கள் தொடங்கட்டும். ஒரு டைரக்டர் தன் காலண்டரில் எல்லோரும் பார்க்கும்படி 'மாலை 4 முதல் 5 வரை இல்லை' என்று வாராவாரம் குறித்துவைத்தால், அதைப் பார்க்கும் இருபது பேருக்கு இல்லை என்று சொல்லத் துணிச்சல் வரும். இன்னொருவருக்காக வேலையைத் தாங்கியவரின் மணி நேரமும் எங்காவது எழுதப்பட வேண்டும், அப்ரைசலில் பேசப்பட வேண்டும், அடுத்த வாரம் அவருக்கு ஒரு மாலையாகத் திரும்ப வேண்டும். அன்று பஸ்ஸைத் தவறவிட்டவரிடம் 'தேங்க்ஸ் ப்ரோ' என்று ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினால் கணக்குத் தீர்ந்துவிடாது.