யாருடைய காய்ச்சல்?

நோயுற்றவன் அதைத் தன்னுடைய நோயென்றே கருதுகிறான். வீட்டாரும் அவனுடைய கிரகசாரம், அவனுடைய கர்மவினை என்றே பேசுகிறார்கள். ஆனால் ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் ஒரே கூரையின் கீழ் லயக்காமராக்களில் வரிசையாகக் குடியிருந்து, ஒரே பீலியில் தண்ணீர் பிடித்து, ஒரே மலையில் கொழுந்து பறிக்கிற ஜனங்களுக்குள், ஒருவருடைய காய்ச்சல் அவரோடு நின்றுவிடுமா?

இதை யோசிக்கும்போதெல்லாம் என் மனம், நமக்கு அண்டையிலுள்ள கண்டியில் 1949இல் பிறந்த மலிக் பீரிஸ் என்னும் வைரஸ் ஆராய்ச்சியாளரை நாடுகிறது. பேராதனையில் வைத்தியம் கற்று, ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, மீண்டும் பேராதனைக்கே வந்து வைரஸ் ஆய்வுக்கூடம் அமைத்தவர் அவர். அநுராதபுரப் பகுதியில் 1987-88இல் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பரவியபோது, அவரும் சகாக்களும் நோயாளியின் படுக்கையோடு நின்றுவிடாமல், வயல்நீரில் பெருகும் நுளம்புகளையும், வெளியே யாதொரு குறியும் காட்டாமல் உதிரத்தில் கிருமியைப் பெருக்கும் பன்றிகளையும் பரிசோதித்து, நினைவிழந்து கிடக்கும் மனிதனுக்கும் அவன் கண்டிராத பட்டிக்கும் உள்ள சம்பந்தத்தைத் தேடினார்கள்.

1995இல் அவர் ஹொங்கொங் சென்றார். 2003இல் சார்ஸ் என்ற நூதன நோய் வைத்தியசாலைகளையே கலங்கச் செய்தபோது, நோயாளி ஒருவரின் நுரையீரல் திசுவைக் குரங்கின் சிறுநீரக அணுக்களில் வளர்த்து, அதிலிருந்து ஒரு கொரோனா வைரஸை அவரது குழு பிரித்தெடுத்தது. அதுதான் காரணமென்று நிச்சயிக்க உதவியது மற்ற நோயாளிகளின் இரத்தம். அவர்கள் தேகத்தில் நாளுக்கு நாள் வலுத்த எதிர்ப்புச் சக்தி அக்கிருமியை அடையாளங் காட்டிற்று. ஒருவருடைய பிணிக்கு இன்னொருவர் உதிரம் சாட்சி சொன்னதை எண்ணுகையில் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

எண்ணாயிரம் பேரைப் பீடித்து, 774 உயிர்களைக் கொண்டுபோன அந்நோய், தடுப்பூசியோ தனி மருந்தோ இல்லாமலே அவ்வாண்டு ஜூலையில் அடங்கியது. நோயுற்றோரைப் பிரித்து வைத்ததும், அவர்களோடு பழகியோரைத் தேடிக் கண்டதும், அப்படிப் பழகியோர் ஒதுங்கியிருந்ததுமே அதற்கு முக்கிய காரணம்.

நம் தோட்டத்தில் ஒதுங்குவது அத்தனை சுலபமா? காலையில் பிரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர், அதாவது நாட்கூலி, இல்லை. போய்ப் பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான். ஆகவே காய்ச்சலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மலையேறுகிறவளைச் சுயநலக்காரி என்று குற்றஞ்சாட்ட என் நா எழவில்லை. அயலாரின் பொருட்டு அவள் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவள்தான். ஆனால் சொல்லிவிட்டு லயத்தில் தங்குகிற நாளுக்கும் முழுப்பேர் போடுகிற கடமை தோட்டத்துக்கு அதற்கு முன்னதாகவே இருக்கிறது.