தயக்கத்தைக் கடையில் விட்டு வராதீர்கள்

 

"எனக்கெதுக்கு இந்த போன்?" என்று பல வருடங்கள் சொன்னவர்கள் நம் ஜமாஅத்தில் நிறைய பேர் உண்டு. பிள்ளைகளின் வற்புறுத்தலால் பட்டன் போன் வாங்கினீர்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனின் முகம் பார்க்க டச் போனுக்கு மாறினீர்கள். இன்று ஃபஜ்ருக்கு எழுந்ததும் கை முதலில் தேடுவது அதைத்தான். அன்று மறுத்தது தவறா? இன்று வைத்திருப்பது தவறா?

இரண்டுமே தவறல்ல. ஒலிபெருக்கி வந்த காலத்தில், தொழுகையில் அதைப் பயன்படுத்தலாமா என்று உலமாக்களிடையே நீண்ட விவாதம் நடந்தது. இன்று அது இல்லாத பள்ளிவாசல் அரிது. கல்வராயன் மலையில் சிக்னல் எட்டாத கிராமத்தாரிடம் கேட்டுப் பாருங்கள். பிரசவ வலி வந்த பெண்ணுக்காக 108-ஐ அழைக்க மேடு தேடி ஓடுபவருக்கு போன் ஆடம்பரமல்ல, ஓர் உயிர்.

அதே போன் உயிரை எடுக்கவும் காரணமானது. நம் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், போளூர் அருகே, 2018 மே மாதம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்ற வதந்தி அப்போது வாட்ஸ்அப்பில் பரவியிருந்தது. அவரை அடித்தே கொன்றார்கள். வதந்தியை ஃபார்வர்டு செய்தவர்கள் யாரும் கொலை செய்ய நினைத்திருக்க மாட்டார்கள். "நாலு பேருக்கு உதவுமே" என்றுதான் அனுப்பியிருப்பார்கள்.

நிய்யத் நல்லதாக இருந்தால் மட்டும் போதுமா? தீயவன் கொண்டுவரும் செய்தியை விசாரிக்காமல் நம்பினால், அப்பாவிகளுக்குத் தீங்கு செய்துவிட்டு வருந்த நேரிடும் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-வது வசனம் எச்சரிக்கிறது. "எனக்கு அனுப்பியவர் என் மச்சான், நல்லவர்தானே" என்பீர்கள். அவருக்கும் அதை வேறு யாரோதான் அனுப்பினார்கள். முதலில் எழுதியவன் யார் என்று அவருக்கும் தெரியாது.

2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனமே, இந்தியாவில் ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்வதைத் தடுக்க முன்வந்தது. நமக்கோ, விசாரிக்காத செய்தியை ஒருவருக்கு அனுப்பவும் அனுமதி இல்லை.

பெரியவர்களே, போன் வாங்க அத்தனை வருடம் யோசித்தீர்களே, அந்த நிதானம் ஒரு நிஃமத். அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். ஃபார்வர்டு பட்டனைத் தொடுமுன் அதே கேள்வியைக் கேளுங்கள்: இது எனக்கெதுக்கு? மறுமையில் கைகள் பேசும் நாளில் விரல்களும் சாட்சி சொல்லும்.

அல்லாஹ் நம் நாவையும் விரல்களையும் பாதுகாப்பானாக! ஆமீன்.