மகசூல் குறைந்த ஆண்டில் யார் விட்டுக்கொடுப்பது?

நாமக்கல் வட்டாரத்துக் கோழித்தீவன மில்லில் மக்காச்சோள லாரி வந்து நின்றதும் முதலில் நடப்பது ஒரு சின்னச் சோதனை. குத்தூசியை மூட்டைக்குள் செருகி உருவினால் அதன் பள்ளத்தில் ஒரு கைப்பிடி மணி வரும். அதை உள்ளங்கையில் பரப்பி, பூஞ்சை பிடித்திருக்கிறதா, உடைசல் எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஈரப்பதம் காட்டும் கருவி பக்கத்திலேயே இருந்தாலும் பழைய ஆட்கள் ஒரு மணியைக் கடித்தும் பார்ப்பார்கள். டக்கென்று உடைந்தால் காய்ந்த சரக்கு. பல்லில் நசுங்கினால் ஈரச் சரக்கு, விலை குறையும். பெரம்பலூரிலிருந்தோ கர்நாடகத்துத் தாவணகெரேயிலிருந்தோ வரும் அந்த மணியை மொத்தமாக வாங்க நெடுங்காலம் இரண்டு பேர்தான் இருந்தார்கள்: தீவன மில், ஸ்டார்ச் ஆலை. இப்போது மூன்றாவதாக எத்தனால் வடிசாலை வந்து நிற்கிறது. முதல் இருவரும் விலை ஏறினால் கையைச் சுருக்கிக்கொள்வார்கள். மூன்றாமவருக்குப் பின்னால் பெட்ரோலில் கலந்தே ஆக வேண்டும் என்ற அரசின் இலக்கு நிற்கிறது.

இந்த மூன்றாமவரின் தொழிலில் பணம் போடலாமா? வடிசாலைப் பங்கு வாங்குபவருக்கும், வங்கிக் கடன் எடுத்து ஆலை கட்டுபவருக்கும், கூட்டாகப் பங்கு போடும் விவசாயிக்கும் இந்தக் கேள்வி பொது. எவ்வளவு வருமானம் வரும் என்று கணக்குப் போட்டுத் தர ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அந்த வருமானம் யார் தட்டிலிருந்து வருகிறது, எந்த மாதிரி ஆண்டில் வருகிறது என்று கேட்கத்தான் ஆள் குறைவு.

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். வடிசாலைக்குள் நடப்பது பானையில் மாவு புளிப்பதற்கு அக்கா தங்கை முறை. மணியை அரைத்து, தண்ணீர் விட்டுக் கூழாக வேகவைத்து, நொதிகளால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, ஈஸ்ட் போட்டு இரண்டு மூன்று நாள் புளிக்க விடுகிறார்கள். புளித்த கூழைக் காய்ச்சி வடித்து, மிச்சமிருக்கும் நீரையும் பிரித்தால் எத்தனால். சாராயமாக மாறுவது மாவுச்சத்து மட்டுமே. புரதமும் கொழுப்பும் நாரும் அடியில் தங்கிவிடும். அதை உலர்த்தி டி.டி.ஜி.எஸ். என்ற பெயரில் தீவனமாக விற்கிறார்கள். உள்ளே போன மணியின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படித் திரும்பி வருகிறது. உணவைக் கொளுத்துகிறார்கள் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதுபவர்கள் இந்தப் பங்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சேர்த்த பிறகும் மிஞ்சுகிற கணக்கு சிறியதில்லை. ஒரு டன் மக்காச்சோளத்தில் சுமார் 380 லிட்டர் எத்தனால் கிடைக்கும். 20 சதவீதக் கலப்புள்ள பெட்ரோலை 50 லிட்டர் நிரப்பினால் அதில் 10 லிட்டர் எத்தனால். அது முழுவதும் மக்காச்சோளத்திலிருந்து வந்ததானால், அதற்குப் போன மணி ஏறக்குறைய 26 கிலோ. முட்டைக்கோழி ஒன்று நாளொன்றுக்கு நூறு கிராமுக்குச் சற்று அதிகமாகத் தீவனம் தின்னும். அதில் பாதியளவு மக்காச்சோளம். அப்படியானால் ஒரு தடவை டாங்க் நிரப்புவதற்குப் போகும் மணி ஒரு கோழிக்கு ஓராண்டுக்கு மேல் போதும். டி.டி.ஜி.எஸ். ஆகத் திரும்புவதைக் கழித்தாலும் பல மாதத் தீவனம் போய்விடுகிறது.

இனி விவசாயியின் பக்கம். இதை அவசரமாகக் கடந்துபோவது அநியாயம். மக்காச்சோளம் மலிவாக இருந்த காலமெல்லாம் அந்த மலிவுக்கு விலை கொடுத்தவர் அதை விதைத்தவர்தான். தமிழ்நாட்டு மானாவாரி நிலத்தில் 2018இல் அமெரிக்கன் படைப்புழு இறங்கியபோது குருத்துக்குள் கைவிட்டுப் புழுவைப் பொறுக்கியவர்கள், மருந்துக்குக் கடன் வாங்கியவர்கள் எல்லாம் அந்த விலையில்தான் பிழைத்தாக வேண்டியிருந்தது. குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கப்படும். ஆனால் நெல்லுக்கு இருப்பது போன்ற கொள்முதல் நிலையம் மக்காச்சோளத்துக்கு வராது. அமெரிக்காவிலும் இதே கதை. 2005இல் ஒரு புஷல், அதாவது சுமார் 25 கிலோ, 2 டாலருக்குப் போனது. அயோவாவிலும் மினசோட்டாவிலும் விவசாயிகளே கூட்டுறவாகச் சேர்ந்து ஆலை கட்டியது இதைச் சகிக்க முடியாமல்தான். தன் விளைச்சலுக்குத் தானே ஒரு வாடிக்கையாளரை உண்டாக்கிக்கொள்வதில் அறப்பிழை எதுவும் இல்லை. கோழிக்குத் தீவனம் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காக விதைத்தவர் என்றைக்கும் நஷ்டத்தில் கிடக்கட்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

ஆகவே தானியத்தை எரிபொருளாக்குவதே பாவம் என்ற வாதம் நிற்காது. குதிரைக்குக் கொள்ளும் வண்டிமாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் போட்டவர்கள்தானே நம் முன்னோர். நிலத்தில் ஒரு பங்கு எப்போதும் போக்குவரத்துக்குப் போயிருக்கிறது. சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. மாட்டுக்காரர் பஞ்ச காலத்தில் மாட்டின் பங்கைக் குறைப்பார், கடைசியில் மாட்டையே விற்பார். சட்டத்தால் நிர்ணயித்த கலப்பு இலக்குக்கு அந்த நெகிழ்வு கிடையாது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அது தன் அளவைக் கேட்கும். விளைச்சல் குறையும்போது யாராவது ஒருவர் குறைத்துக்கொண்டாக வேண்டும். காரின் டாங்க் விட்டுக்கொடுக்காவிட்டால் விட்டுக்கொடுப்பவர் வேறு யாரோ.

இது ஏட்டுக்கணக்கு இல்லை, 2012இல் நடந்தே காட்டியது. அமெரிக்க நாடாளுமன்றம் 2005இலும் 2007இலும் இயற்றிய சட்டங்கள் எரிபொருளில் ஆண்டுதோறும் இவ்வளவு எத்தனால் கலக்க வேண்டும் என்று நிர்ணயித்தன. மக்காச்சோள எத்தனால் 2015க்குள் 1,500 கோடி கேலன் வரை போகலாம் என்று படி போட்டுக் கொடுத்தன. நாட்டு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு ஆலைகளுக்குப் போகும் நிலை வந்தது. அந்த நேரத்தில் 2012 கோடையில் மத்திய மேற்கு மாநிலங்களில் கடும் வறட்சி. கதிர் பிடிக்காமலே பயிர் காய்ந்தது. ஆகஸ்டில் புஷல் விலை 8 டாலரைத் தாண்டியது. கோழியும் பன்றியும் வளர்க்கும் ஆர்கன்சா, வட கரோலினா முதலான மாநிலங்களின் ஆளுநர்கள் இந்த ஓராண்டுக்காவது கட்டாயத்தைத் தளர்த்துங்கள் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் எழுதிக் கேட்டார்கள். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் தலைவர் ஜோஸே கிராசியானோ த சில்வாவும் அதையே கேட்டார். நவம்பரில் முகமை மறுத்துவிட்டது. கடுமையான பொருளாதாரப் பாதிப்பு நிரூபிக்கப்படவில்லை, விலக்கு தந்தாலும் விலை பெரிதாக இறங்காது என்பது அதன் விளக்கம். அந்த விளக்கத்தில் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனாலும் சட்டத்துக்குள் அவசரக் கதவு ஒன்று வைத்துவிட்டு, அதைத் திறக்க அந்த ஆண்டும் போதாதென்றால் வேறெந்த ஆண்டு போதும்? மணி கட்டுபடியாகாமல் சில ஆலைகள் தாமாகவே மூடின. சட்டம் செய்யாததை நஷ்டம் செய்தது.

2007 ஜனவரியில் மெக்சிகோ நகரத்தில் டோர்ட்டியா விலை ஏற்றத்துக்கு எதிராகப் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனதை இந்த விவாதத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அந்த உதாரணத்தைக் கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டும். டோர்ட்டியாவுக்குப் போவது வெள்ளை மக்காச்சோளம், ஆலைக்குப் போவது மஞ்சள் மக்காச்சோளம். மெக்சிகோ சந்தை ஒரு சில பெரிய வணிகர்கள் கையில் இருந்ததும் விலை ஏற்றத்துக்கு ஒரு காரணம். எல்லாப் பழியையும் எத்தனால் தலையில் போட முடியாது. ஆனால் அந்த ஊர்வலத்தில் போனவர்களிடம் அமெரிக்கச் சட்டத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது மறுக்க முடியாதது.

இந்தியாவில் நடந்ததைப் பார்க்கும்போது வருத்தம் இன்னும் கூடுகிறது. இங்கே அரசுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியும் என்று அதுவே காட்டியிருக்கிறது. 2023 ஜூலையில் அரிசி விலை கவலை தந்தபோது இந்திய உணவுக் கழகம் வடிசாலைகளுக்கு அரிசி தருவதை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் கரும்பு விளைச்சல் குறையும் என்று தெரிந்ததும் கரும்புச்சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. சோற்றுக்கும் சர்க்கரைக்கும் முதலிடம் கிடைத்தது. நல்ல முடிவுகள். ஆனால் கலப்பு இலக்கு அப்படியே நின்றதால் சுமையில் பெரும்பகுதி மக்காச்சோளத்தின் மேல் இறங்கியது. மக்காச்சோள எத்தனாலின் கொள்முதல் விலை லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசாக உயர்த்தப்பட்டது. 2022-23இல் சுமார் 31 கோடி லிட்டராக இருந்த மக்காச்சோள எத்தனால் அடுத்த ஆண்டே 280 கோடி லிட்டரைத் தாண்டியது. மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வாங்க ஆரம்பித்தது. கோழிப்பண்ணையாளர் சங்கங்கள் வரியில்லாமல் இறக்குமதி செய்ய அனுமதி கேட்டு மனுக் கொடுத்தன.

அரிசிக்கும் சர்க்கரைக்கும் குரல் இருந்தது. ரேஷன் கடை இருக்கிறது, தேர்தல் இருக்கிறது. மக்காச்சோளம் இங்கே பெரும்பாலும் தட்டில் மக்காச்சோளமாக வந்து விழுவதில்லை. முட்டையாகவும் கறியாகவும் உருமாறி வருவதால் அதன் விலை ஏறியதை உண்பவர் ஒருபோதும் நேரே பார்ப்பதில்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்துணவில் வாரத்துக்கு ஐந்து முட்டை கிடைக்கிறது. ஏழைக் குடும்பத்துக்குக் கட்டுபடியாகும் புரதம் இன்றைக்கும் முட்டைதான். இருநூறு கோழியை வைத்துப் பிழைப்பவர் தீவனச் செலவைத் தாங்க முடியாமல் கூண்டைக் காலி செய்தால் அது செய்தியாகக்கூட வராது.

இன்னொரு தட்டையும் பார்க்க வேண்டும். டி.டி.ஜி.எஸ். மலிவாகக் குவிந்ததும் தீவன மில்கள் சோயாப் புண்ணாக்கைக் குறைத்தன. மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் சோயா விலை ஆதரவு விலைக்குக் கீழே கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொன்னார்கள். மக்காச்சோள விவசாயியின் கையில் வந்த பணத்தில் ஒரு பகுதி சோயா விவசாயியின் மடியிலிருந்து போயிருக்கிறது. விவசாயிக்கு நல்லது என்று சொல்லும்போது எந்த விவசாயிக்கு என்ற கேள்வியும் கூடவே வர வேண்டும்.

எத்தனால் புகையைக் குறைக்கிறது என்பது அடுத்த வாதம். அமெரிக்கச் சட்டத்தால் விரிந்த சாகுபடியையும் உரத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட 2022 ஆய்வு ஒன்று, மக்காச்சோள எத்தனால் பெட்ரோலைவிட மேலானதாக இல்லை, அநேகமாகக் குறைந்தது 24 சதவீதம் மோசமாகவே இருக்கும் என்றது. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தினர் அதை மறுத்தார்கள். வல்லுநர்களுக்கிடையே இவ்வளவு தகராறு இருக்கும்போது, பூமியைக் காப்பாற்றுகிறோம் என்று விளம்பரம் செய்து பங்கு விற்பது நேர்மையில்லை. அந்நியச் செலாவணி மிச்சம் என்று சொன்னால் அது உண்மை, அதைச் சொல்லலாம்.

முதலீட்டாளரும் நஷ்டத்துக்குத் துணிந்துதானே வருகிறார், லாபம் அவருக்கு உரியதல்லவா என்று கேட்கலாம். வெராசன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கதை இதற்கு விடை சொல்லும். 2006இல் பெரும் ஆரவாரத்தோடு பங்குச் சந்தைக்கு வந்த அந்த நிறுவனம், 2008 கோடையில் மணி விலை உச்சியில் இருந்தபோது அந்த விலைக்கு ஒப்பந்தம் போட்டது. விலை சரிந்ததும் அக்டோபர் 31 அன்று திவால் மனுக் கொடுத்தது. பங்குதாரர்கள் பணத்தை இழந்தார்கள். ஆனால் துணிச்சலுக்கான கூலியே எதிர்பார்க்காமல் வெறுமனே மணியை விற்க ஒப்புக்கொண்ட விவசாயிகளும் ஒப்பந்தம் முறிந்து நின்றார்கள். அதன் ஏழு ஆலைகளை அடுத்த ஆண்டு வலேரோ என்ற எண்ணெய் நிறுவனம் மலிவாக வாங்கிக்கொண்டது.

இங்கும் அதன் சாயல் தெரிகிறது. 2025-26க்கு எண்ணெய் நிறுவனங்கள் கேட்டது 1,050 கோடி லிட்டர் எத்தனால். ஆலைகள் தர முன்வந்தது 1,776 கோடி லிட்டர். வட்டி மானியத்தை நம்பித் தேவைக்கு மேல் ஆலை கட்டியாகிவிட்டது. ஆலை வாங்கும் என்ற நம்பிக்கையில் கர்நாடகத்தில் கூடுதலாக விதைத்தவர்கள், 2025 இறுதியில் குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் ஆதரவு விலை இருக்க அதைவிடப் பல நூறு ரூபாய் குறைத்து விற்க நேர்ந்தது. விலை ஏறியபோது கோழிக்காரர் சுமந்தார், இறங்கியபோது விதைத்தவர் சுமந்தார்.

ஆகவே எல்லா முதலீடும் ஒன்றில்லை. தன் விளைச்சலைத் தானே ஆலைக்குக் கொண்டுவரும் விவசாயக் கூட்டுறவின் பங்கும், கலப்புக் கட்டாயம் இருக்கும்வரை கவலையில்லை என்று தூரத்திலிருந்து வாங்கும் பங்கும் ஒரே தராசில் நிற்காது. உண்ண உதவாத பூஞ்சை பிடித்த மணியையும் குருணையையும் எடுக்கும் ஆலை வேறு. களத்துக்கு வந்த முதல் தரச் சரக்கை மில்லோடு போட்டி போட்டு எடுக்கும் ஆலை வேறு. ஆலைக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது, கழிவு எங்கே போகிறது என்பதும் அந்தந்த ஊருக்கு வாழ்வுப் பிரச்சினை. பஞ்சாபின் ஜீராவில் நிலத்தடி நீர் கெட்டது என்று ஊர்மக்கள் மாதக்கணக்கில் ஆலை வாசலில் உட்கார்ந்து, 2023 ஜனவரியில் மாநில முதல்வரே அதை மூடுவதாக அறிவிக்கச் செய்தார்கள்.

பணம் போடுபவர் கேட்டு வாங்கக்கூடிய எளிய உறுதி ஒன்று இருக்கிறது. மணியின் விலை குவிண்டாலுக்கு இன்ன தொகையைத் தாண்டினால், அது இறங்கும்வரை ஆலை வெளிச்சந்தையில் வாங்காது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. அதே தாளில், விலை சரிந்தால் பதிவு செய்த விவசாயியிடம் ஆதரவு விலைக்குக் குறையாமல் வாங்கும் என்று இன்னொரு வரி. பிறகு திட்ட அறிக்கையை மறுபடி எடுத்து, ஆண்டுக்கு இரண்டு மாதம் ஆலை நிற்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அப்போதும் வட்டி கட்ட முடிந்தால் கையெழுத்துப் போடலாம். முடியவில்லை என்றால், அந்த ஆலை காட்டும் லாபம் முழுவதும் அந்த இரண்டு மாதத்தில் தீவனம் வாங்குபவரிடமிருந்து வரப்போகிறது.