வரி கட்டிய சோப்பு
1992-ல் மேற்கு வங்காளத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்துவிட்டார். தலையில் பலத்த அடி. அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிரிக்க, கடைசியில் தனியாரிடம் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். கேஸ் சுப்ரீம் கோர்ட் வரை போனது. அவசர சிகிச்சையும் உயிர்வாழும் உரிமையில் சேர்த்தி, பணமில்லை என்று அரசு நழுவ முடியாது என்று 1996-ல் தீர்ப்பு. நஷ்டஈடு 25,000 ரூபாய்.

'எவனோ விழுந்ததற்கு என் வரிப்பணமா?' என்பீர்கள். அவர் வாங்கிய சோப்பிலும் வரி உண்டு சார். (ரசீதுதான் கிடையாது.) நாம் 'இலவசம்' என்பது, அவர் ஏற்கெனவே பணம் கட்டிய சிகிச்சை.

மெடிக்ளெய்ம் இருக்கிற தைரியமா? நடுரோட்டில் நினைவில்லாமல் கிடந்தால் 108 உங்களையும் அநேகமாக ஜி.எச்.சுக்குத்தான் கொண்டுபோகும். அங்கே பெட் இருக்கிறதா என்று ஒருநாள் எட்டிப் பாருங்களேன்.