அடுத்தவர் துக்கத்துக்கு ஒரு பாட்டு

2019இல் நண்பன் ஒருவனைக் கெடுத்தேன். கிள்ளானில் வாடகை அறை, ஒரு கித்தார், பக்கத்து அறைக்காரர் எழுந்துவிடக்கூடாதே என்று மெதுவாகப் பாடிப்பாடியே அமைந்துபோன குரல். உள்ளூர்ப் படம் ஒன்றுக்குப் பாட்டு எழுதித் தரச்சொல்லி அவனைக் கேட்டிருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் உட்கார்ந்து, "காசு வாங்கிட்டா பாட்டு பொய்யாயிடுமா மச்சான்?" என்றான்.

"பின்ன? எவனோ சொல்ற சிச்சுவேஷனுக்கு நீ ஏன் அழணும்?"

ஷான் ரோல்டனைத்தான் உதாரணம் காட்டினேன். நண்பர்களோடு பேண்ட் வைத்துச் சொந்தப் பாட்டு பாடிக்கொண்டிருந்தவர், 2014இல் மட்டும் ‘வாயை மூடி பேசவும்’, ‘சதுரங்க வேட்டை’, ‘முண்டாசுப்பட்டி’ என்று வரிசையாகப் படங்களுக்கு இசையமைத்தார். "போயிட்டாரு பாத்தியா" என்றேன், ஏதோ அவருக்கு நான் முதல் போட்டவன் மாதிரி.

2022இல் அப்பா இறந்தார். காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், கோமுட்டர் ரயிலில் ‘தல கோதும்’ கேட்டேன். ‘ஜெய் பீம்’ படத்துக்கு ராஜுமுருகன் எழுதி, அதே ஷான் ரோல்டன் இசையில் பிரதீப் குமார் பாடியது. போலீஸ் பிடித்துப்போன கணவனைத் தேடும் செங்கேணியின் கதைக்காகச் செய்த பாட்டு. எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஷா ஆலாம் வருவதற்குள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

என் பழைய கணக்குப்படி அது கூலிக்குச் சொன்ன ஆறுதல். ஆனால் வேலை செய்ததே.

எலியட் ஸ்மித் காதோரம் முணுமுணுப்பதுபோலப் பாடிய அமெரிக்கர். ‘குட் வில் ஹன்டிங்’ படத்துக்கு ‘மிஸ் மிஸரி’ எழுதி, 1998 ஆஸ்கர் மேடையில் வெள்ளை சூட்டும் கித்தாருமாகத் தனியாக நின்று பாடினார். விருது ‘டைட்டானிக்’ பாட்டுக்குப் போனது. அந்த வீடியோவில் மேடைதான் அவருக்கு ஒட்டவில்லை, பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் இரண்டையும் போட்டுக் குழப்பியிருந்தேன்.

அகப்பாடலில் தலைவன் தலைவிக்குப் பெயர் வைக்கக்கூடாது என்கிறது தொல்காப்பியம். கபிலர் தலைவியின் குரலில் பேசுகிறார். திணை, துறை எல்லாம் முன்பே வகுத்தது. சிச்சுவேஷன் சாங் என்று அதை யாரும் ஒதுக்கியதில்லை. ஆனால் கபிலரைவிட எனக்குப் புரியவைத்தது தாத்தா சாவுக்கு ஒப்பாரி வைத்த பாட்டிதான். கூட்டி வந்தவர், காசும் கொடுத்தோம். தாத்தாவை உயிரோடு பார்த்ததே இல்லை. தாத்தா பேரைச் சொல்லி ஆரம்பித்தவர், கொஞ்ச நேரத்தில் பேரை விட்டுவிட்டார். அதற்கப்புறம் அவர் யாருக்காக அழுதார் என்று கேட்கிற தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை.

அப்பா சாவுக்கு வந்த நண்பனிடம் "அப்ப நான் சொன்னது தப்புடா" என்றிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் படத்துக்கு வேறு யாரோ எழுதினார்கள், சுமாரான பாட்டு. இவன் கித்தாரை விற்றுவிட்டான். மாமாக் கடைக்கு வருவதற்கு முந்தின ராத்திரி அவன் எனக்கு அனுப்பிய மெட்டு இன்னும் போனில் இருக்கிறது: 1 நிமிடம் 40 விநாடி, பின்னால் விசிறிச் சத்தம். அழிக்கவும் மனசில்லை, அவனுக்குத் திருப்பி அனுப்பவும் கை வரவில்லை.